மெர்லிமாவ் பஸ் ஸ்டாப்பில் பதினான்கு குறைகள்

மலாக்கா மாநிலத்துத் தமிழ்ப் பெண் பிள்ளைகள் படங்களில் தவறாகக் காட்டப்படுகிறார்கள் என்ற உண்மை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, பாச்சாங்கில் ஒரு கறித்தூள் கடையின் மேல்மாடியில், உளுந்து வடைக்கும் தேநீருக்கும் பிறகு ஒருமனதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர்கள் இளையர் நற்படக் கழகத்தின் செயலவையினர் ஒன்பது பேர். எட்டுப் பேர் ஆண்கள். ஒன்பதாமவர் பாக்கியலட்சுமி அம்மையார். அவர் வடை கொண்டுவந்தவர். வந்தவரைச் சும்மா அனுப்பக் கூடாதே என்று மகளிர் ஆலோசகராக நியமித்துவிட்டார்கள்.

உடனே மாணவர் குறும்படப் போட்டி அறிவிக்கப்பட்டது. தலைப்பு: 'பெண் பிள்ளைகளை ஒரே அச்சில் வார்க்காதீர்.' நேரம் நான்கு நிமிடம். பரிசு, கிண்ணமும் பொன்னாடையும்.

சுற்றறிக்கை மெர்லிமாவ் பக்கத்து இடைநிலைப் பள்ளி ஒன்றில் அனுசியா டீச்சர் கைக்கு வந்து சேர்ந்தது. அனுசியாவுக்கு முப்பது வயது. வீட்டில் நான்கு வயதில் ஒரு மகள், பள்ளியில் ஒப்பந்த வேலை. எந்தக் கடிதத்தின் அடியிலும் 'நகல்: பள்ளி முதல்வர்' என்று இருந்தால் போதும், அதை எழுந்து நின்றுதான் படிப்பாள். தமிழ்மொழிக் கழகத்துக்கு அவளைப் பொறுப்பாசிரியர் ஆக்கியதற்கு ஒரே காரணம், முடியாது என்று சொல்ல அவளுக்குத் தெரியாது.

படிவம் ஐந்து மாணவி ராகினி படம் எடுத்தாள். பள்ளி விட்டு மூன்று பெண்கள் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறார்கள். பஸ் வரவில்லை. ஒரு கெரோப்போக் வறுவல் பொட்டலத்துக்கு அடித்துக்கொள்கிறார்கள். ஒருத்தி கணக்கு வாத்தியார் மாதிரி நடந்து காட்டுகிறாள். அதைப் பார்த்துத் திலகவதி சிரிக்கிறாள். சாதாரணச் சிரிப்பா அது? மூக்கில் ஒரு உறுமலோடு ஆரம்பித்து, இடுப்பை மடக்கி, கடைசியில் சத்தமே வராமல் கை மட்டும் காற்றில் தட்டுகிற சிரிப்பு. படத்தில் பாதி அந்தச் சிரிப்புத்தான்.

"கதை எங்கம்மா?" என்று அனுசியா கேட்டாள்.

"அதான் டீச்சர் கதை. எஸ்.பி.எம். பரீட்சை முடிஞ்சதும் திலகா ஜொகூருக்கு பேக்டரி வேலைக்குப் போறா. அப்புறம் இந்தச் சிரிப்ப நாங்க எங்க போய்க் கேக்கறது?"

திலகவதியின் அம்மா அன்னம்மா எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவள். மகள் படத்தில் வருகிறாள் என்று தெரிந்ததும் பள்ளி வாசலுக்கே வந்துவிட்டாள்.

"பெரிய திரையிலயா டீச்சர் காட்டுவாங்க?"

"ஆமாக்கா."

"முகம் நல்லா தெரியுமா?"

"பளிச்சுனு தெரியும்."

அன்னம்மா அன்றைக்கே கங்காணியிடம் லீவு சொல்லிவைத்தாள்.

இரண்டே வாரத்தில் கழகத்திலிருந்து கடிதம் வந்தது. 'மேற்காணும் பொருளின்பால் தங்கள் மேலான கவனம் ஈர்க்கப்படுகிறது. தங்கள் மாணவியின் படத்தில் வார்ப்புக் குறைகள் பதினான்கு காணப்படுவதால், நேரில் வந்து ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். நகல்: பள்ளி முதல்வர்.' அனுசியா ராகினியை ஏற்றிக்கொண்டு பாச்சாங்குக்குக் காரை விரட்டினாள்.

மேல்மாடியில் தலைவர் தங்கையா நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் செயலாளர் காந்தன், கையில் பட்டியல்.

"குறை ஒன்று. பெண்கள் தின்கிறார்கள்," என்று வாசித்தார் காந்தன். "பெண் பிள்ளைக்கு எந்நேரமும் தீனி நினைப்பு என்ற எண்ணம் பரவும்."

"அப்ப தின்னாம நிக்கட்டுமா அங்கிள்?" என்றாள் ராகினி.

"நின்றால் உடம்பைக் குறைக்கப் பட்டினி கிடக்கும் பெண். அதுவும் பட்டியலில் இருக்கிறது. அடுத்து, இரட்டைச் சடை. பழைமைவாதம்."

"அவுத்துவிட்டா?"

"நாகரிக மோகம்."

"புத்தகம் படிச்சிக்கிட்டு நின்னா?"

"புத்தகப் புழு."

"படிக்கலைனா?"

"படிப்பு ஏறாதவள். குறுக்கே பேசாதேம்மா, வாயாடி என்று இன்னொன்று சேர்க்க வேண்டிவரும்."

தங்கையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏதோ பெரிய விஷயம் வருகிறது என்று அனுசியாவுக்குப் புரிந்தது.

"அந்தச் சிரிப்பு. அது என்னம்மா சிரிப்பு? நம் இனத்துப் பெண்கள் அடங்காதவர்கள் என்று முத்திரை விழாதா?"

"சிரிக்காம இருந்தா?"

"ஒடுக்கப்பட்ட பெண். அதைத்தானே இத்தனை காலம் காட்டிக் காட்டி நம்மைக் கெடுத்தார்கள்!"

பாக்கியலட்சுமி அம்மையார் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "நெஜமாவே அப்படித்தானே சிரிக்குதுங்க தலைவரே? எங்க வீட்ல ஒண்ணு இருக்கு. அது சிரிச்சா ஜன்னல் ஆடும்."

"அம்மையாரின் கருத்து பதிவு செய்யப்படுகிறது," என்றார் காந்தன், பேனாவை மூடியபடி. "கடைசிக் குறை. நிற்கிறார்கள்."

"நிக்கறது குறையா?"

"பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண் நின்றால், யாருக்காக நிற்கிறாள் என்று சமுதாயம் கேட்கும்."

"பஸ்ஸுக்கு அங்கிள்."

"நமக்குத் தெரிகிறது. சமுதாயத்துக்குத் தெரியாதே!"

ராகினி பொறுமையை அத்தோடு மூட்டை கட்டிவிட்டாள். "அப்ப ஒண்ணு செய்யலாம் அங்கிள். பொண்ணுங்களையே தூக்கிட்டு வெறும் பஸ் ஸ்டாப்ப மட்டும் காட்டலாமா?"

வரலாற்று முடிவு ஒன்று நெருங்கியது. தங்கையா காந்தனைப் பார்த்தார். காந்தன் பட்டியலில் விரலை மேலிருந்து கீழே ஓட்டினார்.

"பதினான்கும் அடிபட்டுப் போகிறது தலைவரே."

"அறிவான பிள்ளை," என்றார் தங்கையா, இரு கைகளையும் கூப்பி.

"ஐயோ, நான் சும்மா சொன்னேன் லா! டீச்சர், நீங்களாவது சொல்லுங்க டீச்சர்!"

அனுசியாவுக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அன்னம்மாக்கா லீவு சொல்லிவிட்டாள், முகம் பளிச்சென்று தெரியும் என்று நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன், இது பிள்ளைகளின் படம், உங்கள் பட்டியலைக் கொண்டுபோய்க் குப்பையில் போடுங்கள். எல்லாம் வரிசையாக வந்து நின்றது. அந்த நேரம் பார்த்துக் காந்தன் ஒப்புதல் பாரத்தை நீட்டினார். அதன் அடியில் 'நகல்' என்ற சொல் தெரிந்தது.

"எங்க சார் கையெழுத்துப் போடணும்?" என்றாள் அனுசியா.

ஒத்திகைக்காக எடுத்த காலி பஸ் ஸ்டாப் காட்சி நான்கு நிமிடத்துக்கு நீட்டப்பட்டது. அதில் ஒரு காகம் குறுக்கே நடந்து போயிருந்தது. அது ஆணா பெண்ணா, பெண்ணானால் பதின்ம வயதா என்று கேள்வி எழுந்ததால் செயலவை மறுபடியும் கூடியது. ஒரு மணி நேர விவாதத்துக்குப் பின், 'காகம் ஆணாகக் கருதப்படும்' என்று தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்த ஒரே வாக்கு பாக்கியலட்சுமி அம்மையாருடையது. படத்துக்கு முதல் பரிசு.

பரிசளிப்பு விழா மலாக்காவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. 'வாசலில் பன்னீர் தெளிக்க லட்சணமான பெண் பிள்ளைகள் இருவரைச் சேலையில் அனுப்பி உதவவும்' என்று கழகம் முன்கூட்டியே எழுதியிருந்தது. அதனால் ராகினியும் திலகவதியும் பன்னீர்ச் செம்போடு வாசலில் நின்றார்கள்.

அன்னம்மா தோட்டத்து ஆட்கள் ஐந்து பேரை வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். புதுச் சேலை. முன்வரிசையில், அனுசியாவுக்குப் பக்கத்து நாற்காலி. வாசலில் மகளைப் பார்த்தபோதுகூட நின்று பேசவில்லை. திரையில் பார்க்கப் போகிற அவசரம். 'நானே அக்காவிடம் சொல்கிறேன்' என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, எப்படிச் சொல்வது என்று ஒரு வாரமாக யோசித்த அனுசியா, விளக்கு அணைந்த பிறகும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

திரையில் பஸ் ஸ்டாப் வந்தது.

"இது எங்க ஸ்டாப்பு," என்று அன்னம்மா தன் ஆட்களிடம் பெருமையாகச் சொன்னாள். ஒரு நிமிடம் போனது. "எப்ப வருவா டீச்சர்?"

"பாருங்கக்கா."

காகம் வந்தது, போனது.

"அடுத்து அவளா?"

பின்னால் ஒருவர் நெகிழ்ந்துபோய்ச் சொன்னார்: "பாத்தீங்களா? ஒரு சத்தமில்ல, ஒரு சேட்டையில்ல. நம்ம பொம்பளப் பிள்ளைங்கள எவ்வளவு அடக்கமா காட்டியிருக்காங்க!"

"வளர்ப்பு அப்படி," என்றார் அவர் மனைவி.

கைதட்டல் எழுந்து வரிசை வரிசையாகப் பரவியது. தங்கையா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்னம்மா மட்டும் தட்டவில்லை. திரையின் மூலைமூலையாகத் தேடிவிட்டு அனுசியா பக்கம் திரும்பினாள்.

"எம்மவ எங்க டீச்சர்?"

அப்போதுதான் மண்டபத்தின் கடைசியில், வாசலோரத்து இருட்டில், ஓர் உறுமல் கேட்டது. திலகவதியால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. பன்னீர்ச் செம்பு உருண்டது. ராகினியும் சேர்ந்துகொண்டாள்.

"அதோ!" என்று அன்னம்மா எழுந்து, திரைக்கு முதுகைக் காட்டி நின்றாள். முகமெல்லாம் பல். மண்டபமே கோபமாகத் திரும்பிப் பார்த்தது.

அனுசியாவும் எழுந்தாள். உதட்டில் விரலை வைத்து, வாசல் பக்கம் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

"உஷ்ஷ்! பொம்பளப் பிள்ளைங்க படம் ஓடுதுல்ல, சத்தம் போடாதீங்க!"