சாமிக்கண்ணு சாருக்கு ஒரு நிறம்

முதல் தகராறு மஞ்சளில் ஆரம்பித்தது.

"என்னக்கா, ரிட்டயர் ஆவற மனுஷனுக்கு மஞ்ச நோட்டீஸ் குடுத்துட்டீங்க?" என்றான் பக்கத்து சீட்டு இளவரசு.

மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகம். நாலு மணிக்குக் கண்காணிப்பாளர் சாமிக்கண்ணுவின் பணி நிறைவு விழா. மணி மூன்றே முக்கால். கூட்ட அறைத் திரையில் சாமிக்கண்ணு சிரித்துக்கொண்டிருந்தார். படத்துக்குக் கீழே பெயர், அதற்கும் கீழே சேர்ந்த வருடமும் ஓய்வு பெறும் வருடமும். திரை முழுக்க மஞ்சளாகும் என்று எதிர்பார்த்தால், எழுத்துக்குப் பின்னால் மட்டும் ஒரு மஞ்சள் பட்டை விழுந்திருந்தது. மீதியெல்லாம் கறுப்பு.

ஆனாலும் அது ஆரோக்கிய ராணி தன் கையால் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராம். இளநிலை உதவியாளர், வயது நாற்பத்தாறு. ஆறு மாதம் சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்துச் சிதம்பரம் போய்ப் படித்தவள். "எங்க ஆபீசுல புரோகிராம் எழுதத் தெரிஞ்சது நான் ஒருத்திதான்" என்று ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்த அத்தனை பேரிடமும் சொல்லியாகிவிட்டது. அந்தத் தைரியத்தில் வழக்கமான பிளெக்ஸ் பேனரே வேண்டாம் என்று நிறுத்தியவளும் அவள்தான். இது சொதப்பினால் திங்கட்கிழமையிலிருந்து பழையபடி டைப் அடிக்கிற ராணி.

"கலர் மாத்தறது ஒரு வரி வேலைடா. பாரு."

தட்டினாள். பட்டை சிவப்பானது.

"கறுப்பும் செவப்புமா? ஆபீசர் கட்சிக் கொடின்னு நெனச்சிக்கப் போறாரு. கடைசி நாள்ல சாமிக்கண்ணு சாருக்கு மெமோ வாங்கித் தராதீங்க."

"காவி?"

"அதும் கொடிதான்."

"பச்சை?"

"நம்ம ஊர்ல கொடியில ஏறாத கலர் எதுக்கா இருக்கு?"

ராணிக்கு ரோஷம் வந்தது. "வெள்ளை போடறேன். வெள்ளைய யாரு என்ன சொல்லுவாங்க?"

ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை; படிக்க ஒன்றும் இல்லை. எழுத்தும் வெள்ளை என்பதை அவள் மறந்துபோயிருந்தாள். படத்துக்குக் கீழே ஒரு வெள்ளைப் பலகைதான் மிஞ்சியது.

"பேரையே தூக்கிட்டீங்களேக்கா!"

வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. ராணி பின்னணி நிறத்தையே அழித்துவிட்டு மறுபடி ஓடவிட்டாள். பட்டை போயிற்று. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்தில் பெயர், மேலே சிரித்த முகம், கீழே இரண்டு வருடங்கள். பளிச்சென்று இருந்தது. இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

புது ஆபீசர் உள்ளே வந்தார். மாற்றலாகி வந்து நாலு நாள்தான் ஆகிறது. அந்த நாலு நாளும் சாமிக்கண்ணு லீவு. நாலு மணிக்குக் கூட்டம் என்று மட்டும்தான் அவரிடம் சொல்லியிருந்தார்கள். திரையைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிப்போனது. செருப்பைக் கழற்றினார். வரவேற்புக்கு வைத்திருந்த ரோஜா இதழில் ஒரு கை அள்ளித் திரைக்கு முன்னால் தூவிவிட்டு, கைகட்டித் தலைகுனிந்து நின்றார்.

ஆபீசரே நிற்கிறார். அறையிலிருந்த நாற்பது பேரும் எழுந்து நின்றார்கள். அந்த நேரம் பார்த்து, மனைவி பொன்னியோடு மாலையும் கழுத்துமாக வாசலுக்கு வந்தார் சாமிக்கண்ணு. மேலதிகாரி நின்றால் தானும் நிற்பது முப்பத்தாறு வருடப் பழக்கம். அவரும் தலைகுனிந்து நின்றார்.

ராணிக்கு அழுகை முட்டியது. ஆறு மாதத்துச் சனிக்கிழமை அத்தனையும் போச்சு.

ஒரு நிமிடம் கழித்து ஆபீசர் தொண்டையைச் செருமினார். "குடும்பத்துலருந்து யாராவது வந்திருக்காங்களா?"

சாமிக்கண்ணு தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். "நான்தான் சார் சாமிக்கண்ணு."

சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆயிற்று. ஆபீசர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டபடியே இருந்தார். பொன்னி மட்டும் சிரிக்காமல், பட்டுப்புடவை சரசரக்க நேராக ராணியிடம் வந்தாள்.

"மன்னிச்சிருங்கம்மா, கலரு..." என்று ஆரம்பித்தாள் ராணி.

"கலரை எதுவும் மாத்திடாதம்மா," என்றாள் பொன்னி. "முப்பத்தாறு வருஷமா இவுருதான் எல்லாருக்கும் எழுந்து நின்னாரு, இவுருக்காவ ஆபீசே எழுந்து நின்னது இன்னிக்கித்தான்; இந்தப் படத்த அப்படியே ஒரு பென்டிரைவுல போட்டுக் குடு, மருமவன் வரும்போது வூட்டு டிவியில போடணும்."