மாட்டை விட்ட கதை

பேசாத ஆளை ஊர் நல்லவன் என்று நினைத்துக்கொள்ளும். அந்தப் பெயரில் நான் ரொம்ப நாள் சொகுசாக வாழ்ந்திருக்கிறேன். ஐந்தாவதோடு பள்ளியை விட்டதற்கே வாத்தியார் எழுப்பிக் கேள்வி கேட்பார் என்ற பயம்தான் பாதிக் காரணம். ஆனால் 1991-ல், வல்லத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிணற்று மேட்டில், ஒரே ஒரு வார்த்தையை விழுங்கிவிட்டு நான் பட்ட பாட்டை நினைத்தால், இன்றைக்கும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

எங்கள் செவலைப் பசுவைக் கோடைக்கு முன் விற்றுவிட வேண்டும் என்பது அண்ணனின் எண்ணம். வைக்கோல் போதாது என்பார். அதைக் கன்றிலிருந்து வளர்த்தவன் நான். (மனிதர்களிடம் பேசாததை எல்லாம் அதனிடம்தான் பேசுவேன். அது திருப்பிக் கேட்காது.) பால் சங்கத்துக்கு வந்த தீவன ஆபீசர் ஒருவர், மாட்டுத் தீனிக்கென்றே வளர்க்கும் மாட்டு பீட்ரூட் விதை கொடுத்தார். போட்டேன். நன்றாகவே வந்தது. ஒவ்வொரு கிழங்கும் குழந்தைத் தலை அளவு, பாதி மண்ணுக்கு மேலே.

அண்ணன் வந்து பார்த்தார். "ஞாயித்துக்கிழமை தரகர் வர்றாரு. அதுக்குள்ள மொத்தத்தையும் பிடுங்கி வாசல்ல குவிச்சிக் காட்டு. கோடைக்குத் தாங்கும்னா மாடு இருக்கட்டும். இல்லன்னா அவர் புடிச்சிகினு போவட்டும்."

பிடுங்குவதற்கு முன் தண்ணீரை நிறுத்தச் சொல்லியிருந்தார் ஆபீசர். எத்தனை நாள் முன்னால் என்று கேட்க எனக்கு வெட்கம். விளைவு, ஏரிக் களிமண் சிமெண்ட் ஆகிவிட்டது. இழுத்தால் தழை கையோடு வந்தது. கிழங்கு அங்கேயே உட்கார்ந்து என்னைப் பார்த்தது. தண்ணீர் விட்டேன். இப்போது கிழங்கு வந்தது, தன் எடைக்கு எடை சேற்றையும் கூட்டிக்கொண்டு. அந்தச் சேற்றைச் சுரண்டாமல் போட்டால் மாட்டுக்கு வயிறு கெடும். தழையை வாட்டிப் போட வேண்டும். கிழங்கை நறுக்கிப் போட வேண்டும், இல்லாவிட்டால் தொண்டையில் அடைக்கும். கல்யாணச் சமையலுக்குக்கூட இவ்வளவு பக்குவம் கிடையாது.

தனியாளால் முடியாது என்று பாக்கியம் அக்காவைக் கூப்பிட்டேன். களையெடுப்பு, அறுப்பு எதுவானாலும் ஆள் சேர்த்துக்கொண்டு வருவார். என்னிடம் கூலிக்குக் காசில்லை என்றதும், வேர்க்கடலைக்கு வருவதுபோல வருகிறோம், பிடுங்கியதில் எங்களுக்கு ஒரு பங்கு கொடு என்றார். தலையாட்டினேன். எனக்கு நன்றாக வருவது அது ஒன்றுதான்.

வேலைக்கு வந்தவர்களில் அவர் தங்கை செல்வியும் இருந்தாள். ஒரு கிழங்கைத் தூக்கிப் பிடித்து நேராக என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"இது இன்னா, பீட்ரூட்டா?"

'மாட்டு பீட்ரூட்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். 'மாட்டு' தொண்டையில் நின்றுவிட்டது. "பீட்ரூட்" மட்டும் வெளியே வந்தது.

"ஏன் மஞ்சளா கீது?"

"அது ஒரு வகை."

சனிக்கிழமை சாயந்திரம் பங்கை மூட்டை கட்டித் தலையில் ஏற்றிக்கொண்டு சந்தோஷமாகப் போனார்கள். சொல்லிவிடலாம் என்று ரோடு வரை பின்னாலேயே போனேன். போய்விட்டு அப்படியே திரும்பி வந்தேன்.

ஞாயிறு விடிந்ததும் மூட்டைகள் வாசலுக்குத் திரும்பி வந்தன. மாடு வைத்திருக்கும் அவர்கள் எதிர்வீட்டுக்காரர், இது மாட்டுத் தீனி என்று சொல்லிவிட்டாராம். வீட்டு விறகு அத்தனையும் தீர்ந்த பிறகுதான் வெந்தது என்று பாக்கியம் அக்கா அண்ணனிடம் முறையிட்டார். செல்வி என்னிடமே வந்தாள்.

"எங்க நைனா நல்லா கீதுன்னு ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கித் துன்னாரு. இப்ப அவருகிட்ட நான் இன்னான்னு சொல்றது?"

நான் தலையாட்டினேன். (அந்தக் கேள்விக்கு அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும்.)

மூட்டைகளை அங்கேயே கொட்டிவிட்டு, கூலியைக் காசாகவே வையுங்கள் என்று நின்றார்கள். பசுவின் விலையிலிருந்து கழித்துக்கொள்கிறேன் என்று என்னை முறைத்தபடி அண்ணன் எடுத்துக் கொடுத்தார். இந்த ரகளையில் செவலையை யாரும் கவனிக்கவில்லை. கட்டியிருந்த இடத்துக்கு எட்டிய குவியலில் பச்சைத் தழை, சேறு எல்லாம் சேர்த்து ஒரு கை பார்த்துவிட்டது.

மத்தியானம் தரகர் வந்தார். வெள்ளை வேட்டி. மடியைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், பின்னால் போய் வாலைத் தூக்கினார்.

அதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை.

"பேதி புடிச்ச மாட்ட எவன் வாங்குவான்?" என்று கிணற்றடியில் வேட்டியை அலசியபடி அவர் அண்ணனைத் திட்டினார். மாடு எங்களிடமே தங்கியது. குவியலை நறுக்கிப் போட்டே கோடையை ஓட்டினேன்.

அடுத்த வாரம் ஆபீசர் வந்து குவியலைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏன்பா எல்லாத்தையும் பிடுங்கின? அது மண்ணுலேயே இருக்குமே. தெனம் மாட்டுக்கு வேண்டியதை மட்டும் நீயே பிடுங்கியிருக்கலாம். கூலியே ஆவாது." அண்ணன் என்னைப் பார்த்தார். நான் செவலையைப் பார்த்தேன்.

இரண்டு வருஷம் கழித்துச் செல்வியைத்தான் கட்டிக்கொண்டேன். (பெண் கேட்டுப் பேசியது அண்ணன்.) அன்றைக்கு 'மாட்டு' என்ற வார்த்தையை விழுங்கியதை அவளிடம் ஒப்புக்கொண்ட நாளிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதைப் பாதி சொன்னாலும், "மாட்டை வுட்டுட்டியா?" என்றுதான் கேள்வி. போன மாதம் மகன் வந்து, வேலை கிடைத்துவிட்டது என்றான். பக்கத்திலிருக்கும் ஒரகடம் கம்பெனிதான் என்று நினைத்துத் தெருவுக்கே லட்டு கொடுத்தோம். டப்பா காலியான பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான்: "ஓசூர்ல."

செல்வி காலி டப்பாவை மூடினாள். என் பக்கம் திரும்பினாள்.

"மாட்டை வுட்டுட்டான் பாரு, உன் புள்ள."