அறுபத்து நாலு கல்

கொத்தனார் டீச்சரம்மாவுக்குத் தர வேண்டியது மூவாயிரத்து இருநூறு ரூபாய். மகளின் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு வாங்கியது. எட்டு மாதமாகிறது. டீச்சரம்மா வாய் திறந்து கேட்டதில்லை. பார்ப்பார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குக் கேட்டே தொலைத்திருக்கலாம்.

அன்றைக்குக் கேட்டுவிட்டார்.

"பின்னாடி புதுசா மீன்தொட்டி கட்டியிருக்கு. அடிக்கு அடி கல்லு, அறுபத்து நாலு கிடக்கு. தொட்டி ஓரமா ஒரே அகலத்துல பாதை போடுங்க. ஒரு கல்லு மிஞ்சக் கூடாது, ஒண்ணும் உடையக் கூடாது. செஞ்சுட்டா கடன் இல்ல. முடியலேன்னா மாசக் கடைசியில பணம் வரணும். அகலத்தை மட்டும் முதல்ல தோட்டக்காரர்கிட்ட சொல்லிடுங்க, அவர் செடிக்குக் குழி வெட்டணும். போய் அளந்துக்குங்க."

அளந்திருக்கலாம். ஆனால் பின்பக்கக் கதவில் ஒரு பலகை இருந்தது. கொத்தனார் நாற்பத்தாறு வயதில், போன மழைக்காலத்தில்தான் எழுத்துக் கூட்டக் கற்றவர். அதிலிருந்து மருந்து அட்டை, மின்கம்பம், அடுத்தவர் கையிலிருக்கும் செய்தித்தாள் எதையும் விடுவதில்லை. பலகையையும் படித்தார். 'நாய் ஜாக்கிரதை.'

போன கோடையில் இங்கே ஒரு வாரம் வேலை பார்த்தார். அப்போது நாய் இல்லை. இப்போது வாங்கியிருக்கிறார்கள் போலும்.

கதவுக்கு வெளியே நின்றே குரல் கொடுத்தார். "தோட்டக்காரரே, தொட்டி என்ன அளவு?"

"நீளம் பன்னிரண்டு அடி, அகலம் எட்டு."

திரும்பிப் போய், "அளந்துட்டேம்மா" என்றார்.

வீட்டில், பத்தாம் வகுப்பு மகள் காகிதத்தில் தொட்டியை வரைந்தாள். நாலு பக்கமும் பாதை வரைந்தாள்.

"அகலம் எக்ஸ்னு வச்சுக்கலாம்ப்பா."

"எக்ஸ் யாரு?"

"நமக்குத் தெரியாத அளவு."

"தெரியாததையெல்லாம் எதுக்குடி வீட்டுக்குள்ள விடறே?" என்றாள் கொத்தனாரின் மனைவி, அடுப்படியிலிருந்து.

மகள் பென்சிலைக் கடித்தாள். "எக்ஸ் வர்க்கம், கூட்டல் பத்து எக்ஸ், மைனஸ் பதினாறு. ரெண்டு எண் வேணும். பெருக்கினா பதினாறு, கூட்டினா பத்து. எட்டும் ரெண்டும்."

"எட்டடி பாதையில பஸ்ஸே போகும். ரெண்டுதான்."

உடனே தோட்டக்காரருக்குப் போன் போட்டார். "ரெண்டடி."

மனசு கேட்காமல் வாசலில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் போட்டு எண்ணினார். தொண்ணூற்றாறு வந்தது. முப்பத்திரண்டு கல் குறைகிறது.

மகள் முகம் சுருங்கியது. "மைனஸை விட்டுட்டேன்ப்பா. பெருக்கினா மைனஸ் பதினாறு வரணும். எட்டும் மைனஸ் ரெண்டும்னா கூட்டினா ஆறு. பதினாறும் மைனஸ் ஒண்ணும்னா பதினஞ்சு. பத்து வரவே மாட்டேங்குது."

"நல்லாத் தேடிப் பாரு கண்ணு. எங்கேயாவது இருக்கும்."

இல்லை. மறுபடி போன். "தோட்டக்காரரே, ஒரு அடின்னு வச்சுக்குங்க."

"குழி வெட்டியாச்சே."

"மூடிடுங்க."

ஒரு அடிக்கு எண்ணினால் நாற்பத்து நாலு. இருபது கல் மிச்சம். கொத்தனாருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் மகள் பள்ளியிலிருந்து ஒரு சூத்திரத்தோடு வந்தாள். சுலபமாகப் பிரியாத சமன்பாட்டுக்கு அதுதான் வழியாம். நூற்று அறுபத்து நாலுக்கு வர்க்கமூலம் எடுத்தாள், பத்தைக் கழித்தாள், பாதியாக்கினாள்.

"ஒண்ணு புள்ளி நாலு பூஜ்யம் மூணு."

"அப்புறம்?"

"அது முடியாதுப்பா. போய்க்கிட்டே இருக்கும். இன்னொரு விடையும் இருக்கு, மைனஸ் பதினொண்ணே சொச்சம்."

"மைனஸ்னா?"

"பதினோரு அடிக்குக் கல்லைப் பெயர்த்து எடுக்கணும்."

"போடறதுக்கே வழியைக் காணோம், இதுல பெயர்க்கணுமாம்" என்றாள் மனைவி.

மூன்றாவது போன். "ஒரு அடி, அஞ்சு அங்குலத்துக்குக் கொஞ்சம் கம்மி."

"கொத்தனாரே, நான் வெட்டுறது குழியா, இல்ல குழிக்குக் குழியா?"

அந்த அளவுக்குக் கல்லை அறுத்தாக வேண்டும். மச்சானிடம் ஐந்நூறு கைமாற்று வாங்கி அறுக்கும் மெஷினை வாடகைக்கு எடுத்தார்.

"உடைக்கக் கூடாதுன்னாங்களே" என்றாள் மனைவி.

"அறுக்கக் கூடாதுன்னு சொல்லலியே."

இருந்த கடன் அப்படியே இருக்க, அதன் முதுகில் இன்னொன்று ஏறியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மெஷினோடும் மகளோடும் போனார். கதவருகே நின்றுகொண்டார்.

"நாயைக் கட்டிட்டீங்களா?"

தோட்டக்காரருக்குப் பாதிதான் காதில் விழும். "வாங்க வாங்க, வெயில் ஏறுது."

மகளைப் பின்னால் தள்ளிவிட்டு, சாந்துக் கரண்டியை முன்னால் நீட்டியபடி நுழைந்தார். தொட்டியைப் பார்த்தார். கரண்டி தானாகக் கீழே இறங்கியது.

தொட்டியின் ஒரு நீளப்பக்கம் மதில்சுவரோடு ஒட்டியிருந்தது.

"நாலாவது பக்கம் எங்கே?"

"பக்கத்து வீட்டுக்காரர் படுக்கையறையில" என்றார் தோட்டக்காரர்.

மகள் அங்கேயே குந்திச் சுண்ணாம்புக் கட்டியை எடுத்தாள். "மூணு பக்கம்னா பத்து எக்ஸ் இல்லப்பா, பதினாலு. மைனஸ் முப்பத்திரண்டு." விரல் விட்டு எண்ணினாள். "பதினாறும் மைனஸ் ரெண்டும். பெருக்கினாலும் சரி, கூட்டினாலும் சரி." நிமிர்ந்தாள். "ரெண்டடி."

தோட்டக்காரர் தான் முதலில் வெட்டி, பிறகு மூடிய குழிகளைப் பார்த்தார். கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் அறுபத்து நாலாவது கல் கடைசி மூலையில் உட்கார்ந்தது. எதையும் அறுக்கவில்லை, எதுவும் மிஞ்சவில்லை. மெஷின் கட்டுப் பிரிக்காமலே கிடந்தது. டீச்சரம்மா நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து கடன் எழுதியிருந்த பக்கத்தைக் கிழித்து அவர் கையிலேயே கொடுத்தார்.

"அன்னைக்கே அளந்தீங்களே. அப்பவே ரெண்டடின்னு தெரிஞ்சிருக்குமே?"

"தெரிஞ்சுதும்மா" என்றார் கொத்தனார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

டீச்சரம்மா உள்ளே போனதும் அவர் தோட்டக்காரரிடம் நெருங்கிக் காதோடு கேட்டார். "காலையிலேருந்து சத்தமே இல்லியே, நாயை எங்க கட்டி வச்சிருக்கீங்க?"

தோட்டக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இந்த வீட்டுல ஏது நாய்? அது முன்னாடி குடியிருந்தவங்க மாட்டின பலகை. போன கோடையில ஒரு வாரமா நீங்க சட்டையைக் கழட்டி அதுமேலதானே மாட்டி வச்சீங்க?"