தாத்தாவின் தாடியும் கொடுவா மீனும்

என் வாழ்நாளில் நான் திருடிய ஒரே பொருள் கிறிஸ்துமஸ் தாத்தாவின் தாடி. அதையும் ஒரேயடியாகத் திருடவில்லை. தவணை முறையில் திருடினேன்.

2008. செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. மீதி நேரமெல்லாம் உப்பனாற்று முகத்துவாரத்தில் தூண்டிலும் கையுமாக நிற்பேன். கொடுவா மீனுக்கு ஜிக் போடுவதுதான் அப்போது எங்கள் செட்டில் பெருமை. ஈயத் தலை வைத்த கொக்கியில் செயற்கை இழைகளை நூலால் கட்டி, தண்ணீருக்குள் சின்ன மீன் வாலாட்டுவதுபோல் காட்டி ஏமாற்ற வேண்டும். கடையில் வாங்கியதெல்லாம் பாறையில் மாட்டி அறுந்து போனதால், நானே கட்டுவதென்று இறங்கினேன்.

நைலான் கயிற்றைப் பிரித்துக் கட்டிப் பார்த்தேன். துடைப்பம்போல விறைத்து நின்றது. அப்போதுதான் பரண்மேல் இருந்த பெட்டி ஞாபகம் வந்தது. எங்கள் சர்ச்சின் கிறிஸ்துமஸ் தாத்தா உடுப்புக்கு அந்த ஆண்டு நான்தான் பொறுப்பாளர். தாடி வெள்ளை வெளேரென்று, மெத்தென்று, தொப்பை வரை தொங்கும். உள்பக்கத்தில் ஒரு கொத்து எடுத்தேன். (யாருக்குத் தெரியப்போகிறது?)

கட்டிய இழையை மீன் வாலாக வெட்டுவது லேசுப்பட்ட வேலையில்லை. கத்தரிக்கோலைக் குறுக்கே வைத்து ஒரே வெட்டாக வெட்டினால் அது பெயிண்ட் பிரஷ். மீன் திரும்பியும் பார்க்காது. கத்தரிக்கோலை இழைகளின் போக்கிலேயே பிடித்து, நுனியால் நாலைந்து இழைகளாகக் கொத்த வேண்டும். ஒன்று நீளம், ஒன்று குட்டை என்று போகப் போக மெலிய வேண்டும். இந்த ஞானம் எனக்கு வருவதற்குள் தாடியில் பாதி காலி. இடது பக்கம் மொட்டையாக இருந்ததால் வலது பக்கத்தையும் வெட்டினேன். வலது கொஞ்சம் அதிகமாகிவிட்டது, மறுபடி இடது. கடைசியில் கற்ற வித்தையை எல்லாம் இறக்கி, தாடியின் நுனி மெலிந்து இயற்கையாகத் தெரியும்படி முடித்தேன். மனசுக்குத் திருப்தியாக இருந்தது.

அந்த வருஷம் பார்த்து சிதம்பரத்து சர்ச்சில் உடுப்பை இரவல் கேட்டார்கள். அங்கே தாத்தா வேஷம் போடுபவர் ஞானப்பிரகாசம் மாமா. அவருடைய மகள் மெர்சியைத்தான் எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு முறைதான் பார்த்திருந்தேன். அவளைத் தவிர வேறு நினைப்பே இல்லை. (மீனைத் தவிர.) பையன் பொறுப்பானவனா என்ற ஒரே சந்தேகம்தான் மாமாவுக்கு. விழா முடிந்ததும் பதில் சொல்வதாக ஏற்பாடு.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். விழா மதியம். அவசரத்தில் மாமா கண்ணாடிகூடப் பார்க்காமல் தாடியை மாட்டிக்கொண்டு மேடை ஏறினார். தாடி மோவாய்க்குக் கீழே நாலு விரற்கடையில் கூராக முடிந்தது. தொப்பை முழுவதும் வெளியே. பிள்ளைகள் ஒரு நிமிடம் திகைத்தார்கள். "ஐ, ஆட்டுத்தாடி!" என்று ஒரு குரல் வந்ததும் கூடமே சிரித்தது. மாமா பாட்டைக் கடைசி வரி வரை பாடிவிட்டுத்தான் இறங்கினார்.

பின்னறையில் அத்தை தாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொட்டியில எலி பூந்துருக்குதுங்க. பாவம், தம்பி என்னா பண்ணும்!"

"ஆமாங்க அத்தை. எங்க வூட்டுல எலி ஜாஸ்தி" என்றேன்.

மெர்சி அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "எலி இப்டி லேயர் லேயரா வெட்டாதும்மா. யாரோ நல்லா கைதேர்ந்தவுங்க வெட்டியிருக்காங்க."

அதுவரை என் கைவேலையை ஒருவரும் பாராட்டியதில்லை. அந்தப் புளகாங்கிதத்தில் வாய் முந்திக்கொண்டது. "நான்தாங்க!"



"எதுக்கு?" என்றார் மாமா.

"மீனுக்கு மாமா."

"மீனு தாடி கேட்டுச்சா?"

ஜிக், வால், கொடுவா எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எத்தினி மீனு புடிச்ச?"

"இன்னும் ஒண்ணும் மாட்டல மாமா."

எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். மெர்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமா முகத்துப் பவுடரைத் துடைத்துக்கொண்டே அத்தையிடம் சொன்னார்: "இவங்கிட்ட ஒரு பொய்யி ரெண்டு நிமிசம்கூட நிக்கல. பொண்ண குடுக்கலாம்."

மே மாதம் கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் மீன் குழம்பு என்றால், மாமா இலையில் கை வைக்குமுன் கேட்பார்: "மாப்ள, இது தாடிக்கு வந்ததா, காசுக்கு வந்ததா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து மெர்சியின் குரல் வந்துவிடும்.

"காசுக்குத்தாம்பா."