காரியைக் கொடுத்துக் கார் வாங்கிய விவரம்

மீனாட்சிபுரம்,
1978 ஆடி மாதம், வியாழக்கிழமை.

ஆனைகட்டி மச்சான் சின்னையன் அவர்களுக்கு, தங்கச்சி புருஷன் ஆறுச்சாமி இரண்டு கையையும் கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நான் ஒருவன் மட்டும் சௌக்கியம், அதுவும் அரைகுறை. அங்கே நீங்கள், ராசம்மாள் அக்கா, பிள்ளைகள், கட்டுத்தறியில் நிற்கும் உருப்படிகள் எல்லாரும் நலமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே மழை பரவாயில்லை. தென்னைக்குத் தண்ணீர் கட்ட வேண்டியதில்லை. உங்கள் தங்கை முத்தாத்தாளும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு சுகமாக இருப்பாள் என்று நம்புகிறேன். அவளுடைய கோபம் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று மட்டும் மறுதபாலில் ஒரு வரி எழுதிவிடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

திங்கட்கிழமை காலையில் நம்ம கறுப்பு மாடு காரியின் தலைக்கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, "காரி வந்தாத்தானுங்க நானு இந்த ஊட்டுக்குள்ள வருவேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறியவள்தான். எங்களுக்குள் சண்டை வந்தால் அவள் அண்ணன் வீட்டுக்கு வருவது கல்யாணமான நாளிலிருந்து வழக்கம் என்பதால் நான் பின்னால் ஓடவில்லை. அங்கே வந்து என்ன சொல்லியிருப்பாள் என்பதும் தெரியும். "எங்கண்ணன் சீராக் குடுத்த மாட்டை இந்த மனுசன் தகரத்துக்கு மாத்தீட்டு வந்துட்டாரு" என்றிருப்பாள். பொய் சொல்லமாட்டாள் உங்கள் தங்கை. ஆனால் அது எப்படி நடந்தது என்று என் வாயால் கேட்டால் நீங்களே எனக்காக இரண்டு வார்த்தை பேசுவீர்கள்.

தேவிகுளத்தில் எஸ்டேட் ஆபீசில் பெரிய கிளார்க்காக இருக்கிற வேதமுத்து என்பவர் கறவை மாடு கேட்டிருந்தார். நம்ம மயிலையைக் கொடுக்கலாம் என்று லாரியில் ஏற்றினால், தனியாக ஏறுவேனா என்று அது அடம் பிடித்தது. சரி, துணைக்கு வரட்டும் என்று காரியையும் ஏற்றினேன். துணைக்குத்தான் மச்சான், அம்மன் மேல் சத்தியமாகத் துணைக்குத்தான். அங்கே போய்ப் பார்த்தால் வேதமுத்துவின் குவார்ட்டர்ஸ் ஓரத்தில் சின்னதாக ஒரு சிவப்புக் கார் நிற்கிறது. ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார மானேஜர் இவர் தலையில் கட்டிவிட்டுப் போனதாம். அதற்குப் பின்பக்கக் கதவு பெட்டி மூடி மாதிரி மேலே திறக்கிறது! உள்ளே எட்டிப் பார்த்தேன். நாலு பால் கேன் சிந்தாமல் சிதறாமல் உட்காரும். மானேஜர் இதை மலைப் பந்தயத்தில் ஓட்டிக் கோப்பை ஜெயித்தவர் என்று வேதமுத்து சொன்னார். நான் கோப்பையை நினைக்கவில்லை, கேனைத்தான் நினைத்தேன். தினமும் சைக்கிளில் கேனைக் கட்டி மிதித்து மிதித்து என் முழங்கால் படும் பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. மாடு பார்க்கிற மாதிரியே முன்மூடியைத் தூக்கி வாயைப் பார்த்தேன், சுற்றி வந்து சுழி ஏதும் இருக்கிறதா என்று பார்த்தேன், முதுகில் தட்டினேன். இரைச்சலாக ஒரு சத்தம் வந்தது, ஆரோக்கியம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் விபரீதம். பொள்ளாச்சிச் சந்தைப் பழக்கத்தில் துண்டை விரித்து அவர் கைமேல் போட்டேன். துண்டுக்குள்ளே விரலைப் பிடித்தே விலை பேசி, வாய் திறக்காமல் வியாபாரத்தை முடிக்கிறவர்கள் அல்லவா நாம்? மயிலையைக் காட்டித் தலையசைத்தேன், காரைக் காட்டினேன், மேல்கொண்டு இருநூறு ரூபாய் நான் தருகிறேன் என்பதற்கு அவருடைய இரண்டு விரலைப் பிடித்து அழுத்தினேன். அவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எஸ்டேட்டிலேயே வளர்ந்தவர். துண்டுக்குள் நடப்பது அவருக்கு எங்கே தெரியும்? முகமெல்லாம் மலர்ந்து என் முழுக் கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டார். குலுக்கினால் பேரம் முடிந்தது. எனக்கும் சந்தோஷம். அவர் போய் இரண்டு மாட்டையும் கொட்டகைக்கு ஓட்டுகிறார்! "ஐயா, காரி விலைக்கில்லீங்க" என்று பதறினேன். "என்ன அண்ணாச்சி, நீங்கதான ரெண்டுன்னு வெரலைப் புடிச்சிய? ரெண்டு மாடுன்னுல்லா நான் கை குடுத்தேன்" என்கிறார். துண்டுக்குள் கை கொடுத்துவிட்டு வெளியே வந்து மாற்றிப் பேசினவன் என்று பெயரெடுத்தால் அப்புறம் நான் எந்தச் சந்தையில் தலை காட்டுவது? மாட்டை விற்றாலும் கயிற்றை விற்கக்கூடாது என்ற வழக்கப்படி இரண்டு கயிற்றையும் அவிழ்த்து வாங்கிக்கொண்டு, காரி என்னைத் திரும்பிப் பார்ப்பதற்குள் காரில் ஏறிவிட்டேன். மறையூர் வரைக்கும் அழுதுகொண்டுதான் ஓட்டினேன். அதற்குப் பிறகு அழ நேரமில்லை, பிரேக் பிடிக்கவில்லை.

டிராக்டர் ஓட்டுகிறவன் கார் ஓட்டமாட்டானா என்று நினைத்தது என் தப்பு. டிராக்டர் நாம் சொன்னால்தான் போகும். இது நாம் நினைப்பதற்குள் போய்விடுகிறது. மெதுவாகப் போகச் சொன்னால் இருமுகிறது, உதறுகிறது, நின்றுவிடுகிறது. நிற்கச் சொன்னால் மட்டும் நிற்பதில்லை. எப்படியோ ஊர் வந்து சேர்ந்து இறங்கினால், முத்தாத்தா காரைப் பார்க்கவில்லை, என் தோளில் கிடந்த கயிற்றைத்தான் பார்த்தாள். "கவுறு மட்டும் வந்திருக்குது, காரி எங்கீங்க?" என்று கேட்டாள். நான் சிரித்து மழுப்பி, "காரி போயி காரு வந்திருக்குது புள்ளே" என்றேன். அந்த வார்த்தையை இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். அவள் காரியின் கயிற்றை மட்டும் உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள் மச்சான். சத்தம் போட்டிருந்தால் பிழைத்திருப்பேன்.

அவள் போன பிறகு, காரை நல்லபடியாக ஓடவைத்துவிட்டால் மனம் மாறிவிடுவாள் என்று பட்டறைக்கார ஏசுரத்தினத்தைக் கூட்டி வந்தேன். அவர் பம்புசெட்டைத் தவிர வேறெதையும் தொட்டவரில்லை. படுத்துப் பார்த்தார், எழுந்து பார்த்தார், "இது ஓடறதுக்குச் செஞ்ச வண்டிங்க, நிக்கறதுக்குச் செஞ்சதில்லீங்க" என்றார். அறுந்துபோன பெல்ட்டுக்கு நம்ம கிணற்று மோட்டார் பெல்ட்டை வெட்டி மாட்டினார், இப்போது கிணறும் நிற்கிறது. ரேடியேட்டரில் ஒழுகுகிறது என்று மஞ்சள் தூள் கேட்டார். முத்தாத்தா திரித்து வைத்திருந்த டப்பாவை அப்படியே கொட்டிவிட்டோம். இதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். ஒழுகல் நின்றுவிட்டது, ஆனால் வண்டி சூடானால் குழம்பு கொதிக்கிற வாசம் வருகிறது. செவ்வாய்க்கிழமை அந்த வாசத்தில் என்னையறியாமல், "முத்தாத்தா, எலை போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டேன். ஏசுரத்தினம் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இதோடு முடிந்ததா? புதன்கிழமை காலையில் பால் கேன்களை ஏற்றிக்கொண்டு சொசைட்டிக்குப் புறப்பட்டேன். சொசைட்டி வாசலில் நிற்க வேண்டிய வண்டி நம்ம கேரள எல்லைச் செக்போஸ்டையும் தாண்டித் தமிழ்நாட்டில் போய் நின்றது. திருப்பிக்கொண்டு வந்தால், தமிழ்நாட்டிலிருந்து வருகிற வண்டியில் அரிசி கடத்தல் இருக்குமே என்று நம்ம செக்போஸ்டுக்காரர் மறித்துவிட்டார். தினம் என்னைப் பார்க்கிற மனுஷன்! "எந்தா சேட்டா, அரியுண்டோ?" என்கிறார். அரிசி இல்லை சார், பால் என்றேன். மூடியைத் திறந்தார். பால் இல்லை மச்சான், வெண்ணெய்! வண்டி உதறின உதறலில் அத்தனையும் திரண்டு மேலே மிதக்கிறது. பால் என்று சொல்லி வெண்ணெய் கொண்டுபோகிறவன் அரிசியை எங்கே ஒளித்தானோ என்று சீட்டையெல்லாம் கழற்றிப் போட்டுத் தேடினார்கள். பிறகு சொசைட்டியில் செக்ரட்டரி அளந்து பார்த்துவிட்டு, "கொழுப்பை எடுத்துட்டுத் தண்ணியக் கொண்டாந்தீங்களா ஆறுச்சாமி?" என்று நாலு பேர் முன்னால் கேட்டார். இருபது வருஷத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்தவனில்லை நான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆகவே நான் முடிவு செய்துவிட்டேன். வெள்ளிக்கிழமை இந்தச் சனியனைத் தேவிகுளத்திலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு, வேதமுத்துவின் காலைப் பிடித்தாவது காரியை மீட்டு வருவேன். மானம் போனால் போகட்டும். இனி ஜென்மத்துக்கும் அந்தக் காரைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தேன் என முத்தாத்தாளிடம் சொல்லுங்கள். அதுவரை அவளை அங்கேயே வைத்திருங்கள், நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள். விடிகாலையில் கட்டுத்தறிப் பக்கம் அவள் குரல் கேட்காமல் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. மாடுகளுக்கும் ஓடவில்லை. பெரியவர்களுக்கு என் கும்பிடும், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதமும். உங்கள் கட்டுத்தறி நிறையட்டும், கறவை குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள, தற்சமயம் தானே சோறு வடித்துக்கொள்ளும்,
ஆறுச்சாமி.

பின்குறிப்பு: கவரை ஒட்டச் சோற்றுப் பருக்கை தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் எஸ்டேட் லாரி வந்து நின்றது. முதலில் காரி இறங்கினாள், அப்புறம் முத்தாத்தா. மச்சான், அவள் உங்கள் வீட்டுக்கு வரவே இல்லையாம்! மேலே எழுதியதைப் படித்துவிட்டுத் தங்கச்சியை வீட்டுக்குள் தேடவேண்டாம். நேரே தேவிகுளம் போய்விட்டாள். அங்கே காரி யாரையும் மடியில் கைவைக்க விடாமல் எட்டி உதைத்து, வேதமுத்து நொண்டிக்கொண்டிருந்தாராம். இவள் கயிற்றோடு போய் நின்றதும், அவர் சம்சாரம் கத்தரீனாள் அம்மாள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, "மாட்ட மகராசியாக் கூட்டிட்டுப் போங்க, அந்தக் காரை மட்டும் திருப்பிக் கொண்டாந்துராதீங்க" என்று சொல்லிவிட்டாராம். மயிலை அங்கே, காரி இங்கே, காரும் இங்கேயே. ஆகவே வெள்ளிக்கிழமைப் பயணமும் இல்லை, என் சத்தியமும் செல்லாது. ஏனென்றால் முத்தாத்தா காரியைக் கட்டிவிட்டு வந்து காரைச் சுற்றிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள், மஞ்சள் டப்பா எங்கே என்று கேட்டாள், பிறகு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "எங்கண்ணன் ஊட்டுக்கு உடுங்க, அண்ணனும் பாக்கட்டும்" என்கிறாள். இறங்கமாட்டேன் என்கிறாள். கண்டித்துச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை, அவள் சிரித்து நாலு நாளாகிவிட்டது.

நாளைக் காலையில் வருகிறோம். உங்கள் வைக்கோல் போரை வாசலுக்கு நேராகக் கொஞ்சம் தள்ளிப் போட்டு வையுங்கள், அதில் மோதித்தான் நிறுத்த வேண்டும். பிள்ளைகளையும் கோழிகளையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். இதைத் தபாலில் போட்டால் எங்களுக்குப் பிறகுதான் வரும் என்று முத்தாத்தா சொல்வதால், கடிதத்தை நானே கையில் கொண்டுவருகிறேன். இது உங்கள் கைக்கு வந்து நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் வண்டி நின்றுவிட்டது என்று அர்த்தம்.