பிரியம் என்றால் என்னவென்று விளக்கிய கதை

பொருள் தெரியாத சொல்லைப் பேசி அவமானப்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பொருள் தெரிந்து, அதுவும் அகராதியைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகு அவமானப்பட்டவன், எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குத் தோணியில் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். வயது இருபத்து மூன்று. ஆபீஸ் அலமாரியில் அட்டை போன அகராதி ஒன்று கிடந்தது. அது எந்தச் சொல்லுக்கும் நேராகப் பொருள் சொல்லாது. பக்கத்துச் சொல்லோடு ஒப்பிட்டுத்தான் சொல்லும். குளம் என்ற இடத்தில் 'ஏரியினும் சிறியது' என்றிருக்கும். சரி என்று ஏரியைப் புரட்டினால் 'குளத்தினும் பெரியது.' இரண்டையும் பார்த்திராதவன் நடுவில் நின்று முழிக்க வேண்டியதுதான்.

எனக்கோ அது பேரறிவாகப் பட்டது. காப்பிக் கடைக்காரர் "சூடு போதுமா தம்பி?" என்று கேட்டால், "இது சூடு இல்ல அண்ணாச்சி. வெதுவெதுப்புக்கு மேல, கொதிப்புக்குக் கீழ" என்பேன். (அதன் பிறகு அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை.)

இந்த நிலைமையில்தான் எனக்குச் சாத்தான்குளத்தில் பெண் நிச்சயமானது. பெயர் பாக்கியம். மாமனாருக்குக் கருப்பட்டிக் கடை. அவருக்கு எழுதப் படிக்க வராது. வீட்டுக் கடிதங்களைப் பாக்கியம்தான் எழுதுவாள். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, அவர் சொல்லச் சொல்ல எனக்கு எழுதிய ஒரு கார்டின் அடியில், அவருக்குத் தெரியாமல் ஒரு வரியைச் சேர்த்திருந்தாள்: 'என்மேல் பிரியம் உண்டா?'

வேறொருவனாக இருந்தால் 'உண்டு' என்று எழுதித் தபாலில் போட்டிருப்பான். நான் அகராதியைத் திறந்தேன். பார்த்துப் பார்த்து இப்படிப் பதில் எழுதினேன்:

'பிரியம் என்பது பாசம் அன்று. பாசம் உறவினர்பால் தோன்றுவது, நாம் இன்னும் உறவினர் ஆகவில்லை. ஆசையும் அன்று, ஆசை பொருள்மேல் செல்வது. பிரியம் காதலினும் குறைந்தது. இரக்கத்தினும் சற்று மேம்பட்டது. எனவே உன்மேல் எனக்குள்ளது பிரியமே எனத் துணிந்து கூறலாம்.'

எழுதி முடித்து இரண்டு முறை படித்து ரசித்தேன். பெண்ணின் பெயரை உறைமேல் எழுதக் கூச்சப்பட்டு, கடை விலாசத்தைப் போட்டேன். (புத்திசாலித்தனம் வந்தால் தனியாக வராது.) கடைக் கணக்கப்பிள்ளை அதைப் பிரித்து, கருப்பட்டி வாங்க வந்த அத்தனை பேர் முன்னாலும் கணீரென்று வாசித்திருக்கிறார்.

நான்காம் நாள் காலையில் மாமனார் ஆபீசுக்கே வந்துவிட்டார். மேனேஜர் எழுந்து நாற்காலி போட்டார். மாமனார் உட்காரவில்லை.

"என்ன மாப்பிள, எம் மக மேல பாசம் இல்லங்கிய. ஆச இல்லங்கிய. காதலுக்குக் கொறச்சலுங்கிய. சரி, போட்டும். இரக்கத்துக்குக் கொஞ்சம் மேலயாம். இரக்கப்படுத அளவுக்கு அவளுக்கு என்ன கொற?"

"அப்படியில்ல மாமா, அகராதியில..."

"அதத்தான் ஊருல எல்லாரும் சொல்லுதான். அகராதி புடிச்சவனுக்கா பொண்ணு குடுக்கேருன்னு கேக்கான்."

மடியிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து நீட்டினார். "இது அவ குடுத்தது. இதுக்குப் பதில் எழுதிக் குடுங்க. இல்லன்னா வெத்தல பாக்கத் திருப்பிக்கிடுதோம்."

பாக்கியத்தின் கையெழுத்து: 'இல்லாததை எல்லாம் எழுதிவிட்டீர்கள். இருப்பதை எழுதவும்.'

பேனாவை எடுத்தேன். 'அன்பு' என்று எழுதி அடித்தேன். 'விருப்பம்' என்று எழுதி அடித்தேன். எதை எழுதினாலும் அதன் இரண்டு பக்கமும் வேறு சொற்கள் வந்து நின்றுகொண்டு, நாங்கள் இல்லையா என்று கேட்டன. அகராதிப் பக்கம் கை போனது. மாமனார் பார்த்த பார்வையில் திரும்பி வந்துவிட்டது. அவளுடைய அந்த ஒரு வரிக் கேள்வியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாட்கணக்காகத் திரிந்தவன் நான். அதற்கு ஒரு சொல் அகப்படவில்லை. கல்யாணம் கையைவிட்டுப் போகிறது என்று தெரிந்ததும் பேனாவை மூடிவைத்தேன்.

"மாமா," என்றேன். "எழுத வரல. நடந்ததச் சொல்லுதேன். போன வாரம் வெங்காயம் ஏத்துன தோணிக்கு நான்தான் தாள் எழுதினேன். தோணிப் பேரு போடுத எடத்துல உங்க மக பேர எழுதிட்டேன். எழுதுனதே எனக்குத் தெரியல. தாள் போன பெறகுதான் ஞாபகம் வந்துச்சு."

மேனேஜர் மெதுவாக மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்வே, அது நீரு செஞ்ச வேலையா? வெங்காயம் வந்துட்டு, பாக்கியம் வரலன்னு கொழும்புக்காரன் தந்தி மேல தந்தி அடிக்கான். யாரு தோணின்னு கரையெல்லாம் கேட்டாச்சு. முங்கிப் போச்சோ, சங்கு குளிக்கிற ஆளுகள எறக்கித் தேடணுமோன்னு ராத்திரி தூக்கமில்லாமக் கெடக்கேன்."

மாமனார் முதலில் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின.

"எம் மகளக் கொழும்புக்கு ஏத்தி அனுப்பிட்டியளா மாப்பிள?" என்றபடி போட்ட நாற்காலியில் இப்போதுதான் உட்கார்ந்தார். "இத அப்படியே எழுதிக் குடுங்க. இது போதும் அவளுக்கு."

எழுதிக் கொடுத்தேன். கல்யாணம் முடிகிற வரை நான் பேனாவைத் தொடக்கூடாது என்று சொல்லி மேனேஜர் என்னைச் சரக்கு அடுக்கும் கிட்டங்கிக்கு அனுப்பி, வெங்காய மூட்டைகளுக்குக் காவல் வைத்தார். கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்ததும் அவர்தான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எதையும் பாராட்ட முடிவதில்லை. குழம்பு நன்றாக இருக்கிறது என்றால், "எதவிட?" என்பாள் பாக்கியம். பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். போன மாதம் மகளுக்கு ஒரு வரன் பார்த்துவிட்டு வந்து, பையன் நல்ல பையன் என்று சொல்லி வாயை மூடவில்லை. அடுப்படியிலிருந்து தாயும், முன்னறையிலிருந்து மகளும் ஒரே குரலில் கேட்டார்கள்:

"எதவிட?"