மேல் டிவிசனுக்கும் கீழ் டிவிசனுக்கும் நடுவே ஒரு ரவுட்டர்

புரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் வெட்கமில்லை என்பார்கள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்குப் போய், நெட்வேர்க் சான்றிதழுக்கான செய்முறைப் பரீட்சையில் உட்கார்ந்திருந்தேன். (எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று எங்கள் வரிசை வீடுகளான லயமே நம்பியது, நானும் நம்பினேன்.) தேறினால், தற்காலிகமாக இருந்த கம்பனியில் வேலை நிரந்தரம். தவறினால் ஊருக்குத் திரும்ப ஹட்டன் ரயில்.

மேசையில் சில ரவுட்டர்கள், அதாவது தகவலுக்கு வழிகாட்டும் பெட்டிகள். கிளையிலிருந்து தலைமையகத்துக்கு இரண்டு பாதைகள், அவற்றுக்கு நடுவே ஒரு குறுக்கு இணைப்பு. கேள்வி ஒரே வரி: "இரு பாதைகளும் பயன்பட வேண்டும்." ஒரே நேரத்திலா? ஒன்று அறுந்தால் மற்றதா?

யாழ்ப்பாணத்துக்காரரான பரீட்சகர் பக்கத்தில் வந்து நின்றார்.

"விளங்கேல்லையெண்டால் கேளும் தம்பி. கேட்டால் புள்ளி குறையாது."

"வெளங்குதுங்க சார்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்பது மட்டும் இன்றுவரை விளங்கவில்லை.

நேரம் ஓடியது. பயத்தில் எங்கள் தோட்டத்துத் தேர் நினைவுக்கு வந்தது. (கெட்ட நேரத்தில்தான் இப்படி நல்ல யோசனை வரும்.) தோட்டத்தின் மேல்பகுதியான மேல் டிவிசனுக்கு மட்டும் தேர் போனால் கீழ் டிவிசன்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். சாமி இரண்டு பக்கமும் போயே ஆக வேண்டும். கோயில் கமிட்டித் தலைவரான அப்பாவின் கட்டளை அது. அதே நியாயத்தை ரவுட்டரிலும் ஏற்றினேன். முதல் பாதைக்கு வருவது இரண்டாவதுக்குப் போகட்டும், இரண்டாவதுக்கு வருவது முதலாவதுக்குப் போகட்டும். யாருக்கும் மனவருத்தம் இல்லை.

பரீட்சகர் சோதனைக்கு ஒரு தகவல் அனுப்பினார். பதில் வரவில்லை. மறுபடியும் அனுப்பினார்.

"தம்பி, இது எங்க போகுது?"

"ரெண்டு பக்கமும் போகுதுங்க சார்."

"ஓம், ரெண்டு பக்கமும் மாறி மாறிச் சுத்துது. தலைமையகத்துக்குத்தான் போகேல்லை."

வேலை போனது. ஹட்டன் வரும்வரை ரயிலில் அழுகையை அடக்கிக்கொண்டு வந்தேன். நடந்ததை அப்பாவிடம் ஒளிக்காமல் சொன்னேன். அவர் அதை ஒரே ஒருவரிடம்தான் சொன்னார். அந்த ஒருவர் திருவிழாவில் மைக் பிடிப்பவர்.

அடுத்த தடவை, பரீட்சகர் சலித்துப்போகும் அளவுக்குக் கேள்வி கேட்டுத் தேறினேன். இன்று ஒரு வங்கியின் நெட்வேர்க் முழுவதும் என் பொறுப்பில் இருக்கிறது. ஆனாலும் வருடா வருடம் தேர் நகர்வதற்கு முன் மைக் கரகரக்கும்:

"தேர் பொறப்படப் போவுது. பாதைய யாரும் நம்ம கம்பியூட்டர் தம்பிகிட்ட கேட்டுறாதீங்க. சாமி விடியறதுக்குள்ள கோயிலுக்குத் திரும்பணும்."

அப்பா வடத்தைப் பிடித்துக்கொண்டே சிரிப்பார்.